காலை ஏழு மணி டோக்கன்

என் மகளுக்கு நான்கு மாதம் முடிந்து ஒன்பதாம் நாள் முதன்முதலாகக் காய்ச்சல் வந்தது. ஒரு வியாழக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குப் பால் கொடுக்கத் தூக்கியபோது வயிறு சுட்டது. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 101.8 காட்டியது. காலையில் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று நானும் அத்தையும் பேசிக்கொண்டு படுத்தோம். அவளை ஒரு மருத்துவர் உச்சி முதல் பாதம் வரை தொட்டுப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான்.

நாங்கள் இருப்பது திருவரங்கத்தில். ஆற்றைக் கடந்து தில்லைநகருக்குப் போனால் குறுக்குத் தெருவுக்குக் குறுக்குத் தெரு மருத்துவர்களின் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. ஆகவே குழந்தை மருத்துவரைப் பார்ப்பதற்கு அலைய வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. தடுப்பூசிக்கு நாங்கள் போய்வந்த மருத்துவமனையில் காலை 7 மணிக்குத் தொலைபேசியை எடுப்பார்கள். முதலில் இணைப்புக் கிடைக்கும் 30 பேருக்கு மாலை டோக்கன் உண்டு. நான் 6.58க்கே ஆரம்பித்தேன். இணைப்புக் கிடைத்தபோது மணி 7.14, செல்பேசியில் பிறகு எண்ணிப் பார்த்தால் 41 அழைப்புகள் பதிவாகியிருந்தன.

"டோக்கன் முடிஞ்சிருச்சுங்கம்மா. நேர்ல வந்தா கடைசியில பாப்பாங்க."

"நாலு மாசக் குழந்தைங்க, காய்ச்சல் அடிக்குது."

"வர்ற எல்லாருக்கும் காய்ச்சல்தாங்கம்மா."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தபோது கூடம் முழுக்கக் காய்ச்சல்காரக் குழந்தைகளும், தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகளும் ஒரே விசிறியின் கீழ் இருமலைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஏழாம் எண் டோக்கன் வைத்திருந்தவர் பள்ளிக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். அவருடைய பையன் பிஸ்கட்டைக் கடித்தபடி நாற்காலிகளுக்கு இடையில் ஓடிக்கொண்டிருந்தான். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் என்னைவிட வேகமாக எண்ணை அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். நடுநடுவே தோல்பை வைத்திருந்த மெடிக்கல் ரெப்கள் இரண்டிரண்டு பேராக உள்ளே போய் வந்தார்கள். ரெப்களுக்கு டோக்கன் கிடையாது.

எங்களை அழைத்தபோது மணி 9.40. மருத்துவர் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "வைரல்தாம்மா, மூணு நாள் இருக்கும்" என்று சொல்லிப் பாரசிட்டமால் சொட்டு மருந்து 0.9 மில்லி என எழுதினார். சளியோ இருமலோ இல்லையே என்று நான் வாயெடுப்பதற்குள் அடுத்த குழந்தை உள்ளே வந்துவிட்டது.

கீழே இருந்த மெடிக்கலில் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. கடைக்காரர், "இதுவும் அதே மருந்துதாங்க" என்று சிரப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். மருந்து அதேதான், அடர்த்திதான் வேறு. மருத்துவர் எழுதிய சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் உண்டு. என் கையில் இருந்த சிரப்பிலோ 5 மில்லிக்கே 125 மில்லிகிராம்தான். சனிக்கிழமை முழுக்க நான் அந்தச் சிரப்பில் 0.9 மில்லியை உறிஞ்சியில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு கிலோவுக்குச் சற்று மேலிருந்த குழந்தைக்குச் சுமார் 90 மில்லிகிராம் போக வேண்டிய வேளையில் 22 போயிற்று. காய்ச்சல் எப்படி இறங்கும்? மருத்துவமனைக்கு அழைத்துக் கேட்டபோது, "டாக்டர் எழுதினதத்தானே குடுக்கறீங்க? அப்ப சரிதான்" என்று வைத்துவிட்டார்கள். அன்றிரவு இரண்டு மணிக்கு, தூக்கம் வராமல், பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த பொடி எழுத்தைச் செல்பேசி வெளிச்சத்தில் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளையாக அளவு குறைந்து போயிற்று. சீட்டில் சிரப் என்று எழுதியிருந்து கடைக்காரர் சொட்டு மருந்தைக் கொடுத்திருந்தால் நான்கு மடங்கு போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தில்லைநகரே கதவடைத்துக் கிடந்தது. தெர்மாமீட்டர் 102.6 காட்டியது. அத்தை, "பல்லு முளைக்கற காய்ச்சலா இருக்கும், வசம்பு சுட்டுத் தேய்ப்போம்" என்றார்கள். அவர்கள் மூன்று பிள்ளை வளர்த்தவர்கள், எதிர்த்துப் பேச எனக்கு அனுபவம் போதாது. ஓசூரில் வேலை பார்க்கும் கணவர் பேருந்தில் வந்துகொண்டிருந்தார். நான் ஆட்டோ பிடித்து ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டியூட்டி டாக்டர் பெரியவர்களைப் பார்ப்பவர். குழந்தை மருத்துவர் வீட்டில் இருக்கிறார், அட்மிட் செய்தால்தான் வந்து பார்ப்பார், முன்பணம் 10,000 ரூபாய் என்றார்கள். பணத்தைக் கணவர் அனுப்பியிருப்பார். குழந்தைக்கு என்ன என்று யாரும் பார்க்காமலேயே படுக்கை எண்ணை எழுதத் தொடங்கியதுதான் என்னை வாசலுக்கு இழுத்து வந்துவிட்டது.

வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து 104க்கு அழைத்தேன். ஆம்புலன்சுக்கான 108ஐ எல்லோரும் அறிவார்கள். மருத்துவ ஆலோசனைக்குத் தமிழக அரசு நடத்தும் 104, தடுப்பூசி அட்டைக்குள் ஒரு நோட்டீசில் இருந்ததால் எனக்கு நினைவுக்கு வந்தது. எதிர்முனையில் பேசியவர் பெயருக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி, குழந்தைக்கு எத்தனை மாதம் என்பது. காய்ச்சல் எத்தனையாவது நாள், எவ்வளவு, சளி உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, பால் குடிக்கிறாளா, காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் போனாள் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றையும் நான் பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மூன்று நாளாக அதைப் படித்துக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. "திங்கக்கெழம வரைக்கும் காத்திருக்க வேணாம்மா. அரசு மருத்துவமனைக்குப் போங்க, குழந்தைகள் அவசரப் பிரிவு ராத்திரி பகல் எப்பவும் இருக்கும்" என்றார்.

அரசு மருத்துவமனையில் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள் கிடந்தார்கள், கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். ஆனால் அங்கே டோக்கன் இல்லை. நுழைந்ததும் செவிலியர் ஒருவர் வெப்பத்தையும் மூச்சு எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டார். கால் மணி நேரத்துக்குள் முதுகலை படிக்கும் இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்து, என் மகளின் துணியை முழுக்கக் கழற்றிவிட்டுத் தலையுச்சி, காது, வயிறு, தொடையிடுக்கு எல்லாம் பார்த்தார். என் நோட்டை வாங்கிப் படித்தவர், "சளி இல்ல, லூஸ் மோஷன் இல்ல, மூணு நாளா 102. பெண் குழந்தை வேற. யூரின் பாத்துரணும்" என்றார்.

சிறுநீர் பிடிப்பது ஒரு தனிக்கதை. ஒட்டும் பையில் பிடித்தால் தோலிலுள்ள கிருமிகள் கலந்து முடிவு குழம்பும் என்பதால், சுத்தமாகத் துடைத்துவிட்டு நேராகக் குப்பியில் பிடிக்கச் சொன்னார்கள். பால் கொடுத்துவிட்டு, அத்தை அவளை அக்குளில் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான் மூடி திறந்த குப்பியோடு எதிரே குந்தியிருந்தேன். பஞ்சைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து அடிவயிற்றில் மெல்லச் சுற்றித் தேய்த்தால் சீக்கிரம் வரும் என்று செவிலியர் காட்டிக் கொடுத்தார். முதல் முறை என் முழங்கை நனைந்தது. ஐம்பது நிமிடம் கழித்து, இரண்டாம் முறை, குப்பியில் இரண்டு விரல் உயரம் கிடைத்தது. அத்தை அதைத் தீபம்போல் இரு கையால் ஏந்திக்கொண்டு லேபுக்கு நடந்தார்கள். அதன் பிறகுதான் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள்; முன்பே போட்டிருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போயிருக்கலாம் என்று விளக்கினார் அந்த மருத்துவர். இரண்டு நாளில் முடிவு வந்தது: ஈ. கோலை கிருமியால் சிறுநீர்த் தொற்று. இரண்டாம் இரவே உடம்பு குளிர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

தில்லைநகர் மருத்துவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனாலும் என் மனத்தாங்கல் பெரும்பாலும் அந்தத் தொலைபேசி மேசையைப் பற்றியதே. வயது என்ன, எத்தனையாவது நாள், வெப்பம் எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கு அரை நிமிடம் போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று முப்பதில் மூன்று டோக்கனை ஒதுக்கி வைத்தால் சான்றிதழ் வாங்க வந்தவர் ஒன்றும் குறைந்துவிட மாட்டார்.

பிறகு எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் சிறிய வீக்கம் தெரிந்தது. குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவை மருத்துவர் மாதம் ஒரு முறை, இரண்டாம் சனிக்கிழமை மட்டும், சென்னையிலிருந்து வேறொரு மருத்துவமனைக்கு வருவார் என்றார்கள். அங்கே அழைத்தபோது, இம்முறை வணக்கம்கூடச் சொல்லாமல் நான் மூச்சுவிடாமல் தொடங்கினேன்: "அஞ்சு மாசக் குழந்தை, சிறுநீர்த் தொற்று, கல்ச்சர்ல ஈ. கோலை, ஸ்கேன்ல இடது கிட்னி வீக்கம், டாக்டர் கடிதம் இருக்கு." ஒரு நொடி மௌனம். "லைன்ல இருங்கம்மா, சிஸ்டர்கிட்ட குடுக்கறேன்" என்றார் எடுத்தவர். நான்காம் எண் கிடைத்தது.

அந்த மருத்துவர் சொன்னபடி, சிறுநீர்ப்பையில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் சோதனையும் முடிந்தது. சிறுநீர் மேல்நோக்கித் திரும்பவில்லை. ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து காட்டுங்கள் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். அதற்கான தேதியை அப்போதே குறித்துக்கொள்ளலாமா என்று வரவேற்பு மேசையில் கேட்டேன்.

"இப்பவே போட முடியாதுங்கம்மா. அந்த வாரம் திங்கக்கெழம கூப்பிடுங்க, காலைல ஏழு மணிக்கு."