வழக்காடிய இறைவனின் ஊரில்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் கிருபாபுரீசுவரரைத் தொழச் செல்பவர்கள், அவர் முதிய அந்தணராக வந்து, சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் புகுந்து தடுத்து, அவரைத் தம் அடிமை என்று வாதாடி வென்றதாகச் சொல்லப்படும் அம்பலத்தையும் பார்த்துவிட்டே வருவார்கள். வழக்காடி வென்ற கடவுளின் ஊர் என்பதாலேயே, கடவுளை ஏற்காத என் மைத்துனரை அங்கு அழைத்துச் சென்றேன். அர்ச்சனைத் தட்டை ஏந்திவர அவர் மறுக்கவில்லை. பெயர், நட்சத்திரம் கேட்டபோது மட்டும் என்னைக் கைகாட்டிவிட்டார்.

"கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்பவன்தான் நாத்திகன் என்றால் நான் நாத்திகன் அல்ல, மாமா. உண்டு என்பவர்கள் சான்று காட்டட்டும், அதுவரை ஏற்கமாட்டேன் என்பதுதான் என் நிலை" என்றார். பெரியார் சிலைகளின் பீடங்களில் நாம் காணும் "கடவுள் இல்லை, இல்லவே இல்லை" என்பது ஒரு துணிபு. அதை நிறுவும் கடமை சொல்பவருக்கு உண்டு. மைத்துனரோ அந்தக் கடமை முழுவதையும் என் தலையில் வைத்துவிட்டார்.

அம்பலத்தில் நின்று பெரியபுராணக் காட்சியை அவருக்குச் சொன்னேன். அந்தணர் வேறோர் அந்தணருக்கு அடிமையாதல் உலகில் இல்லையே என்று வியந்த அவையினர், வழக்குத் தொடுத்த முதியவரிடமே ஆட்சி (வழக்கத்தில் இருப்பது), ஆவணம், அயலார் காட்சி (பிறர் சாட்சி) ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு கேட்டார்கள். சுந்தரர் முன்பு கிழித்தெறிந்த அடிமையோலை வெறும் படியோலைதான், நகல்தான் என்று சொல்லி, முதியவர் மூல ஓலையை எடுத்து நீட்டினார். அதிலிருந்த சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை, காப்பில் இருந்த அவருடைய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவை தீர்ப்புச் சொன்னது. "அந்த அவை என் கட்சி" என்று மகிழ்ந்தார் மைத்துனர். மறுக்க எனக்கு வழியில்லை. சேக்கிழார் இறைவனையே சான்று காட்ட வைத்திருக்கிறார்.

சைவ சித்தாந்தத்தின் தலைநூலான சிவஞானபோதத்தைத் தந்த மெய்கண்டாரின் ஊரும் இதுவே. பொல்லாப் பிள்ளையார் சந்நிதியில் அவர் உபதேசம் பெற்றார் என்பது மரபு. 'அவன் அவள் அது' என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கு ஒரு கருத்தா வேண்டும் என்று, பன்னிரண்டு சூத்திரங்களில் முதலாவதே அனுமானத்தில் தொடங்குகிறது. மைத்துனர் தட்டிலிருந்த வெற்றிலையைத் தொட்டுக்காட்டி, "வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு தானே வருகிறதே" என்றார். கடவுளை மறுத்த பழைய உலகாயதர் காலங்காலமாகச் சொல்லிவரும் உவமை அது என்பது அவருக்குத் தெரியாது. மென்று சேர்க்க ஒருவர் வேண்டாமா என்று கேட்டேன். அப்படியானால் அந்த ஒருவரைச் சேர்த்தது யார் என்று திருப்பிக் கேட்டார். மாறுவனவற்றுக்கே காரணம் வேண்டும், மாறாத இறைவனுக்கு வேண்டாம் என்பது சைவர்களின் விடை. ஆனால் மாறாத ஒன்று உண்டு என்பதை முன்பே ஒப்பியவருக்குத்தான் அது விடையாகும்.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மறுக்கும் பதினான்கு கொள்கைகளில், கண்கூடாகக் காண்பதை மட்டுமே அளவையாக, அதாவது அறியும் வழியாகக் கொள்ளும் உலகாயதம் முதலில் நிற்கிறது. வேதத்தை ஏற்றுக்கொண்டும் கடவுளை வேண்டாத நிரீச்சுர சாங்கியமும், திருமாலைப் பரம்பொருளாகக் கொண்ட பாஞ்சராத்திரமும் அதே வரிசையில் இருக்கின்றன. வேதத்தை மறுப்பவனா, மறுமையை மறுப்பவனா, படைத்தவனை மறுப்பவனா, யார் நாத்திகன் என்பதற்கு நம் மரபில் ஒற்றை எல்லைக்கோடு இருந்ததில்லை. காண்டல், கருதல் (அனுமானம்), உரை என்னும் மூன்று அளவைகளுள் முதல் இரண்டையும் என் மைத்துனர் முழுமனதோடு ஏற்கிறார். ஆகவே எங்கள் பிணக்கு தருக்கத்தைப் பற்றியதன்று. உரையை, அதாவது இறைவன் அருளியதாகச் சைவர் கொள்ளும் ஆகமத்தைச் சான்றாகக் கொள்வதைப் பற்றியது. கருதல் அளவை என்னை ஒரு கருத்தாவின் வாசல்வரை கொண்டு சேர்க்கிறது. கல்யாணப் பந்தலுக்குள் புகுந்து வம்பு வளர்க்கும் பித்தனிடம் அதனால் கொண்டுபோக இயலாது.

இதைச் சொன்னதும் அவர், "ஓலையை ஒப்பிட அவையிடம் இன்னொரு கையெழுத்து இருந்தது. ஆகமத்தை எதனோடு ஒப்பிடுவீர்கள்?" என்றார். அருளாளர்களின் அனுபவத்தோடு என்றேன். அதுவும் உரைதானே என்றார். சரியான கேள்விதான். நான் தொழுதது அதற்கு விடை தெரிந்ததால் அன்று. அங்கிருந்து அருணந்தியாரின் ஊரான திருத்துறையூருக்குப் புறப்பட்டோம். கடவுளை வேண்டாத சாங்கியரை ஆத்திகர் வரிசையில் சேர்த்தது யார் என்று பேருந்தில் ஏறும்போதே தொடங்கிவிட்டார்.