எந்தக் கால் கூடுதலாகக் குளிர்கிறது?

கொடைக்கானல் மலையில் இருக்கிற எங்கள் ஊர் பூம்பாறையில் தை மாதம் விடிகாலையில் யார் காலைத் தொட்டாலும் ஜில்லென்றுதான் இருக்கும். பனி இறங்கிய பூண்டுத் தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்குப் பாதம் மரத்துப்போவது தினப்படி சங்கதி, அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. அதனால்தான் என் பெரியப்பா "இடது கால் மட்டும் ரொம்பக் குளிருது" என்று சொன்னபோது பெரியம்மா நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டார். அப்புறம் செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி ஒத்தடம். அவருக்குச் சூடே உறைக்கவில்லை, கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது. கீழே இறங்கிக் காட்டிய இடத்தில் நரம்புக் கோளாறு என்று ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பாதத்தில் துடிப்பு இருக்கிறதா என்று ஒருவரும் விரல் வைத்துப் பார்க்கவில்லை. பல வருடம் பீடி குடித்தவர், சர்க்கரையும் உண்டு. மூன்று வாரத்தில் பெருவிரல் கறுத்து, முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆனது. நான் அப்போது எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம்.

ரத்தநாள அறுவை சிகிச்சைக்கு நான் வந்ததற்கு அந்தக் கால்தான் காரணம். எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், எம்எஸ் 3 வருடம், நீட் எஸ்எஸ் நுழைவுத் தேர்வு எழுதி ரத்தநாள அறுவைக்கான எம்சிஎச் 3 வருடம், எல்லாம் முடித்து இப்போது மதுரையில் எண்டோவாஸ்குலர் ஃபெலோஷிப்பில் இருக்கிறேன். வெட்டித் திறக்காமல், ரத்தக்குழாய்க்குள்ளேயே கம்பி, பலூன், ஸ்டென்ட் அனுப்பி அடைப்பைச் சரிசெய்வதை மட்டும் தனியாகக் கற்றுக்கொள்கிற ஒரு வருடம் இது. "இன்னுமா படிக்கிற பாப்பா?" என்று ஊரில் கேட்கிறார்கள். ஆமாம், இன்னும்தான்.

அடிப்படை, 1953இல் செல்டிங்கர் என்ற ஸ்வீடன் மருத்துவர் எழுதியதுதான். ஊசியைக் குத்து, அதன் வழியாகக் கம்பியை விடு, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பி மேலேயே குழாயை ஏற்று. கேட்கச் சுலபம், கைக்கு வர மாதக் கணக்காகிறது. 0.035 அங்குலக் கம்பியின் மேல் ஒரு பூச்சு இருக்கும், நனைந்திருந்தால் விலாங்கு மாதிரி வழுக்கும், காய்ந்தால் கையுறையில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். அரை மணி நேரம் பாடுபட்டு அடைப்பைத் தாண்டிய கம்பி, குழாய் மாற்றும்போது கொஞ்சம் இழுபட்டுவிட்டால் திரும்ப முதலிலிருந்து. அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் மருந்து கலந்த சலைனில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கம்பியின் வாலை ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் வால் பிடித்தது நான்தான். தோளில் எக்ஸ்ரேயைத் தடுக்கிற ஈய ஏப்ரன், கண் திரையில், விரல் கம்பியில். முனை குழாய்க்குள் தடையில்லாமல் சுழல்கிறதா, சுவரைக் கிழித்துக்கொண்டு போகிறதா என்பது பல நேரம் திரைக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த வேலை கடைசியில் வருவது. கம்பியும் பலூனும் உள்ளே போய்வர வைத்த ஷீத் என்ற குழாயை உருவியதும் தொடை இடுக்கில் 15, 20 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். துளையை மூடுவதற்கென்றே கருவிகள் இருக்கின்றன, ஆனாலும் எங்கள் சார் முடிந்தவரை கையால்தான் அழுத்தச் சொல்வார். "வெளிய ஒரு சொட்டு வரக்கூடாது, ஆனா காலுக்குப் போறது நிக்கக்கூடாது" என்பார். தோலில் தெரிகிற துளைக்குச் சற்று மேலே, இரண்டு விரலுக்கு அடியில் தமனி துடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் தளர்த்தினால் வீக்கம், ரொம்ப அழுத்தினால் பாதம் வெளுக்கும். அந்த 20 நிமிடமும் நகர முடியாது, அதனால் நோயாளி பேசுவார், நான் கேட்பேன். எத்தனை வருடமாகக் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்தது, எந்த மேடு வரை நடந்து நின்றார், யார் யார் அதை வாயு என்றார்கள், எல்லாம் அப்போதுதான் வரும்.

இந்தத் துறை ஒரு பிடிவாதத்தில் தொடங்கியது. 1964 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லண்ட். 82 வயது அம்மா, விரல்கள் அழுகுகின்றன, காலை எடுக்க ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் அவருடைய தொடைத் தமனியில் குறுகிய இடத்தை, ஒன்றின் மேல் ஒன்றாகக் குழாய்களை ஏற்றி விரித்துவிட்டார். பாதம் சூடேறியது. அந்த அம்மா இறக்கும்வரை, சுமார் இரண்டரை வருடம், சொந்தக் காலிலேயே நடந்தார். இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியப்பாவும் "வேண்டாம்" என்றுதான் சொன்னார், நாங்கள்தான் கையெழுத்துப் போட்டோம்.

சரி, மலைக்கு வருகிறேன். போன பொங்கலுக்குச் சொந்தக் காசில் வாங்கிய பேனா அளவு டாப்ளரோடு, அதாவது ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கிற கருவியோடு, ஊருக்குப் போனேன். முதல் நாள் காலையில் சித்தப்பா பையன் பாதத்தில் வைத்தால் சத்தமே சரியாகக் கேட்கவில்லை. 19 வயது, மேலும் கீழும் ஓடுகிற பிள்ளை! குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், ஆனால் ஏசி அறையின் குளிரும் இந்தக் குளிரும் ஒன்றில்லை. அடுப்படியில் கம்பளி போர்த்தி அரை மணி நேரம் உட்கார வைத்த பிறகு அதே பாதத்தில் சத்தம் பளிச்சென்று வந்தது. அன்றைக்குத்தான் பெரியப்பாவின் விஷயம் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. எல்லாக் காலும் குளிர்கிற ஊரில் குளிர்ச்சி ஒரு அறிகுறியே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டில் எது கூடுதலாகக் குளிர்கிறது? கம்பளிக்குள் இருந்த பிறகும் ஒன்று மட்டும் சூடேறவில்லையா? "இடது கால் மட்டும்" என்று அவர் அப்போதே சொல்லியிருந்தார்.

மெதுவாக அடைபடுகிற காலுக்காவது நாள் இருக்கிறது. திடீரென்று அடைபட்டால் சுமார் 6 மணி நேரம்தான், அதற்குப் பிறகு தசையும் நரம்பும் சாக ஆரம்பிக்கும். ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்து அம்மா ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் கெட்டுப்போன இதய வால்வு, அங்கே உறைந்த கட்டி நழுவிப் போய் வலது தொடையில் அடைத்துக்கொண்டது. இரவு 2 மணிக்கு வலி. கொடைக்கானல் வரவே ஒரு மணி நேரம், அப்புறம் பெருமாள்மலை, ஊத்து, வத்தலக்குண்டு, நடுவில் மரம் விழுந்து பாதை அடைப்பு. மதுரைக்கு வந்து சேர்ந்தபோது மணி 9. கட்டியை வெளியே இழுக்கிற ஃபோகார்ட்டி பலூனை விட்டு இழுத்ததும் கருஞ்சிவப்பாக ஒரு விரல் நீளத்துக்குக் கட்டி வந்தது, பின்னாலேயே ரத்தம் பீறிட்டது. கெண்டைக்கால் தசை உறையைப் பிளந்துவிட வேண்டியிருந்தது, ஆனால் கால் தங்கியது. மலையிலேயே யாரோ ஒரு டூட்டி டாக்டர் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்து, துடிப்பு இல்லை என்று எழுதி, 5000 யூனிட் ஹெப்பாரின் போட்டு அனுப்பியிருந்தார். கட்டி மேலும் கீழும் வளராமல் நின்றது அதனால்தான். அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த டாக்டருக்கு வேண்டியிருந்தது கம்பியும் பலூனும் விடுகிற கேத் லேப் இல்லை, இரண்டு விரல். பொங்கல் விடுமுறையில் கடைசி நாள் எங்கள் ஊர்ப்பக்கம் வருகிற கிராமச் செவிலியர் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மேல்பாதத் துடிப்பு சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது, உள்கணுக்காலுக்குப் பின்னால் உள்ளதையும் தேடணும் என்று சொல்லி, பெரியப்பாவின் வலது காலில் அவர் விரலை வைத்தேன். ரொம்ப அழுத்தினார், உங்கள் விரல் துடிப்பே உங்களுக்குத் தெரியும் என்றேன், தளர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "சன்னமா இருக்கு டாக்டர்" என்றார். டாப்ளரை வைத்துப் பார்த்தேன். சரிதான், போன வருடத்தைவிடச் சன்னம். அடுத்த வாரமே பெரியப்பாவை மதுரைக்குக் கூட்டிவந்து, அந்தக் காலுக்கு நானே கம்பி பிடித்தேன், சார் பக்கத்தில் நின்றார்.