ஆய்வேடும் ஆறாத அயர்ச்சியும்

முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் ஓர் இரவு, பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை ஒரே பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன். முடிவில் மாறியிருந்தது ஒரே ஒரு காற்புள்ளி. அதைச் சோம்பல் என்று எண்ணி என்னையே கடிந்துகொண்டேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 என்னும் பன்னாட்டு நோய் வகைப்பாடு, பணிச்சோர்வை நோயாகக் கருதாமல், கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தின் விளைவாகவே கருதுகிறது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வது எதுவும் உருப்படாது என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவற்றுள் இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. அவ்வளவு விரும்பி எடுத்த தலைப்பின் கோப்பைத் திறக்கவே கை வரவில்லை.

2018இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் வெளியான ஆய்வில், ஆய்வு மாணவர்களிடையே ஆண்களைவிடப் பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன. எனக்கு அது வியப்பளிக்கவில்லை. ஆய்வேடு எழுதும் அதே ஆண்டுகளில்தான் நம்மில் பலர் கருவுறுகிறோம், குழந்தையோடு விழித்திருக்கிறோம், வீட்டில் நோயுற்றவரைக் கவனிக்கிறோம். உதவித்தொகையின் காலக்கெடுவோ இவற்றுக்காகக் காத்திருப்பதில்லை.

பல வாரத் தயக்கத்துக்குப் பின் நெறியாளரிடம், "என்னால் இப்போது எழுத முடியவில்லை, மேடம்" என்றேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, "எத்தனை நாளாகத் தூங்கவில்லை?" என்று மட்டும் கேட்டார்.