இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு

வம்சாவளி தேடிக் கொடுப்பது என் தொழில். தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் விசாரணைகளில் பாதி ஒரே மாதிரி தொடங்கும்: ஏதோ ஒரு ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை அப்பாவோடு கோபித்துக்கொண்டு கப்பலேறினாராம். இத்தனை ஜமீன்கள் இருந்திருந்தால் கூலி வேலைக்கு ஆள் ஏது?

1860 அக்டோபரில் மதராஸில் கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை மதராஸ், கல்கத்தா வழியாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் காலனிக்குப் போனார்கள். முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஆளுக்கு ஒரு எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம் என்று கட்டம் கட்டமாகப் போகும். அதில் உடம்பிலுள்ள அடையாளத்துக்கும் ஒரு கட்டம் உண்டு.

இந்தப் பட்டியலைக் கண்ணால் படித்தால் பிடிபடாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். குமாஸ்தா தன் காதில் விழுந்ததை இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருப்பான். 'வாண்டிவாஷ்' என்றால் வந்தவாசி, 'சிங்கிள்பட்' என்றால் செங்கல்பட்டு; இதெல்லாம் பழகிவிடும். குக்கிராமப் பெயர்கள்தான் உயிரை வாங்கும். நடுராத்திரியில் ஒரே பெயரை ஏழெட்டு விதமாக முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

ஒருமுறை சறுக்கியும் இருக்கிறேன். ஒரே தாலுகா, ஒரே பெயர், வயதில் ஒரு வருடம்தான் வித்தியாசம். தகப்பன் பெயரைச் சரிபார்க்காமல் எண்ணை அனுப்பிவிட்டேன். அந்தக் குடும்பம் அதைச் சட்டம் போட்டு மாட்டிய பிறகுதான் தப்பு தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சட்டத்தைக் கழற்றினார்களா என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

போன வருடம் டர்பனிலிருந்து ஒரு அம்மா பேசினார். ஓய்வுபெற்ற ஆசிரியை. பேச்சு முழுக்க இங்கிலீஷ், 'ஆயா', 'தாத்தா' மட்டும் தமிழ். கொள்ளுத்தாத்தாவும், ஆயா என்று அவர் சொன்ன கொள்ளுப்பாட்டியும் கல்யாணமான கையோடு ஒன்றாகக் கப்பலேறினார்கள் என்பது அவர்கள் வீட்டுக் கதை. ஆயாவின் எண் அவரிடம் இருந்தது. கொள்ளுத்தாத்தாவின் எண்ணைத்தான் நான் தேட வேண்டும்.

அது கிடைத்தது, வேறு கப்பலில். கொள்ளுத்தாத்தா போய்ச் சேர்ந்தது ஆயா போய் நான்கு வருடம் கழித்து.

ஆயாவின் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். வட ஆற்காடு ஜில்லா, வயது 22, தகப்பன் பெயர் இருக்கிறது, புருஷன் என்று யாரும் இல்லை. 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது போக வேண்டும் என்று விதி இருந்ததால், தனியாக வரும் பெண்களையும் ஆள்பிடிப்பவர்கள் விடமாட்டார்கள். அதனால் அதுகூட எனக்குப் புதிதல்ல. அடுத்த எண்தான் என்னை நிறுத்தியது: மூன்று வயதுப் பையன். தகப்பன் பெயர்க் கட்டத்தில் வெறும் ஒரு கோடு. பையன் பெயரைப் பார்த்தால், அந்த அம்மாவுடைய தாத்தாவின் பெயர்.

எழுதி அனுப்ப மனம் வராமல் போன் செய்தேன். நான் சொல்லி முடித்ததும், "அப்படியென்றால் என் பெயருக்குப் பின்னால் இருக்கும் பெயர்?" என்றார். பிறகு வந்தவருடையதாக இருக்கலாம், அவர் பையனைத் தன் பிள்ளையாகவே வளர்த்திருக்கலாம் என்றேன். காகிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. அண்ணனிடம் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை என்றார்.

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஆயாவைப் பற்றி வேறு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நாலு அடி பத்து அங்குலம், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று படித்தேன்.

"தழும்பா? எதனால்?"

அதற்குக் கட்டம் இல்லை அம்மா, என்றேன்.