முதலில் இறக்கம்

சிட்னி சென்ட்ரலில் ரயிலேறி மேற்கே இரண்டு மணி நேரம் வந்தால் கட்டூம்பா. ப்ளூ மவுன்டன்ஸ் மலைத்தொடரின் பெரிய ஊர். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே இருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஒரு தகவல் மையத்தின் கவுண்டரில் எனக்கு வேலை. காட்டுநடைக்கு வருகிறவர்களுக்குப் பாதை சொல்வது, வரைபடம் விற்பது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காட்டுவது. மூன்றாவதைத்தான் அதிகம் செய்கிறேன்.

பாதை விசாரிப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது கிலோமீட்டர். ஆறு என்று சொன்னால் போதும், அப்படியானால் ஒன்றரை மணி நேரம் என்று அவர்களே முடிவுகட்டிவிடுவார்கள். இந்த மலையில் அந்தக் கணக்கு செல்லாது. பழனியோ வெள்ளியங்கிரியோ, அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு ஏறுகிறோம். முடியாவிட்டால் முழங்காலே சொல்லிவிடும், திரும்பினால் இறக்கம்தான். இங்கே ரயில் நிலையம், கார் நிறுத்தம், ஓட்டல் எல்லாம் மலைமேலே இருக்கின்றன. நடை பள்ளத்தாக்குக்குள் இறங்குவதில் தொடங்குகிறது. இறங்குகிறபோது மூச்சு வாங்காது, பேச்சு ஓயாது, தண்ணீர் ஞாபகமும் வராது. அடியைத் தொடும்போது பகலில் பாதி போயிருக்கும். ஏற்றம் அப்போதுதான் ஆரம்பம்.

எக்கோ பாயின்ட் என்ற காட்சிமுனைப் பக்கத்திலிருந்து இறங்கும் ஜயன்ட் ஸ்டேர்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1932இல் திறந்த படிக்கட்டு, 800க்கு மேற்பட்ட படிகள். அதில் இறங்கி, பாறைச் சுவரின் அடியோடு நடந்து, சீனிக் ரயில்வேயில் ஏறி மேலே வந்துவிடலாம் என்பது பலருடைய திட்டம். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் போட்ட ரயில். 52 டிகிரி சரிவில் இழுத்துக்கொண்டு போகும். நல்ல திட்டம்தான். ஆனால் கடைசி ரயில் மாலை ஐந்து மணிக்குள் போய்விடும். சாப்பிட்டு முடித்து, படம் எடுத்து முடித்து, மூன்றரை மணிக்கு இறங்கத் தொடங்குகிறவர்களுக்கு அது கிடைக்காது. பிறகு ஃபர்பர் படிக்கட்டு வழியாக இன்னும் ஆயிரம் படிக்குக் கிட்டத்தட்ட ஏற வேண்டும், அதுவும் இருட்டில். ஜூன் மாதம் இங்கே குளிர்காலம், ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். உயரமான பாறைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு அதற்கும் முன்பே. ஏப்ரல் முதல் ஞாயிறு அன்று கோடை நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறோம் அல்லவா, சூரியனும் ஒரு மணி நேரம் முன்பே மறைந்துவிடும்; அடுத்த வாரம் வருகிறவர்கள் முந்தின வாரத்து மாலையை நினைத்துக்கொண்டு வருவார்கள்.

அதனால் நான் கிலோமீட்டர் சொல்வதை நிறுத்திவிட்டேன். “எத்தனை மணிக்குத் திரும்பி ஏற ஆரம்பிப்பீங்க?” என்று கேட்பேன். சிட்னியின் பெண்டில் ஹில்லிலிருந்து வந்த ஒரு தம்பி, மாரத்தான் பனியன் போட்டிருந்தார், “டயர்ட் ஆனதும் திரும்பிடுவோம்ண்ணா” என்றார். மேலே ஏறும் மலையில் அது சரியான பதில். கீழே இறங்கும் மலையில் களைப்பு தெரிவது தாமதமாகத்தான். மணி பார்த்துத் திரும்ப வேண்டும், உடம்பைப் பார்த்து அல்ல.

நம்மவர்கள் சாப்பாட்டில் குறை வைப்பதில்லை. புளியோதரை, தயிர்சாதம், வறுவல், ஒரு பை நிறைய முறுக்கு. தண்ணீர் மட்டும் ஆளுக்கு ஒரு சின்னப் பாட்டில். புளியோதரையும் முறுக்கும் தாகத்தைக் கூட்டுமே தவிர குறைக்காது. கோடையில் மேலே காற்று சிலுசிலுவென்று இருக்கும். பள்ளத்தாக்கின் தரையில் வெக்கை வேறு மாதிரி. ஓடையில் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். மலைமேல் ஊர்கள் இருப்பதால் தெரு அழுக்கைக் கழுவிவரும் மழைநீர் அந்த ஓடைகளில் இறங்குகிறது. கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. வறண்ட காலத்தில் ஓடையே இருக்காது.

2006 டிசம்பரில் மவுன்ட் சாலிட்டரிப் பக்கம் 17 வயது மாணவன் ஒருவன் இறந்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நண்பர்கள் இருவருடன் போனவன். தண்ணீர் தீர்ந்து, அவர்களிடமிருந்து பிரிந்துவிட்டான். 000 என்ற அவசர உதவி எண்ணுக்குப் பலமுறை பேசினான். மறுமுனையில் தெருப் பெயர் கேட்டார்கள். காட்டில் எந்தத் தெரு? 2009இல் நடந்த மரண விசாரணையில் அந்தப் பதில்கள் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. இப்போது எமர்ஜென்சி ப்ளஸ் என்ற செயலி இருக்கிறது; அட்சரேகை, தீர்க்கரேகையைத் திரையில் காட்டும், அப்படியே படித்துச் சொல்லிவிடலாம். ஆனால் பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னலே கிடையாது. அவன் அத்தனை முறை பேச முடிந்ததே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும்.

சிக்னல் இல்லாத இடத்துக்குத்தான் பீக்கன். ஆபத்தில் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. ஆன்டெனாவை நிமிர்த்தி இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும். கான்பெராவில் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின் மீட்பு மையத்துக்கு வந்து சேரும். ப்ளூ மவுன்டன்ஸில் தேசியப் பூங்கா அலுவலகமும் போலீசும் சேர்ந்து இதை நடையர்களுக்கு இலவசமாகவே கடன் கொடுக்கிறார்கள். கேட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எல்லாம் சரியாக வைத்திருப்பவர்கள்தான், அதுதான் வேடிக்கை. “ஐபோன்ல சாட்டிலைட் இருக்கே சார்” என்பது இப்போது அடிக்கடி கேட்கும் பதில். 2023 முதல் ஆஸ்திரேலியாவிலும் அந்த வசதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃபோனில்தான் காலையிலிருந்து வீடியோ எடுத்திருப்பீர்கள், அதிலேயே வரைபடம் பார்த்திருப்பீர்கள், இருட்டியதும் அதுவேதான் டார்ச். மூன்று பேர் வேலையை ஒரு பேட்டரி எவ்வளவு நேரம் பார்க்கும்? தனியாக ஒரு நெற்றி விளக்கு வாங்குங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். பீக்கனுக்கும் திறந்த வானம் வேண்டும். பாறை இடுக்கில் உட்கார்ந்து இயக்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. இயக்கிய பிறகு அணைக்கவும் கூடாது.

பாம்பு பற்றிக் கேட்காத தமிழ்க் குடும்பம் இல்லை. இருக்கிறது, பழுப்புப் பாம்பும் சிவப்பு வயிற்றுக் கருப்பனும் இந்தக் காட்டில் உண்டு. தொந்தரவு செய்யாவிட்டால் அது தன் வழியே போய்விடும். கடித்துவிட்டால் ஊர்ப் பழக்கத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அகலமான அழுத்தக் கட்டுத்துணியால் கடிவாயில் தொடங்கி அந்தக் கை அல்லது கால் முழுவதும் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை இருந்த இடத்திலேயே கிடத்த வேண்டும். கடிவாயைக் கழுவக் கூடாது. இங்குள்ள பாம்புகளின் விஷம் நிணநீர் வழியாகப் பரவுவதால் இந்த முறை. இந்தியாவில் விரியன் கடிக்கு இதையே செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விஷம் கடித்த இடத்துச் சதையையே அரிக்கும், கதை வேறு. இவ்வளவும் கேட்டுவிட்டுச் செருப்புக் காலோடு கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பாம்பைவிடக் கணுக்கால் பயம் வருகிறது.

பாதை மூடிய பலகையைத் தாண்டிப் போவது இன்னொன்று. வெயில் அடிக்கிறதே, ஏன் மூடினார்கள் என்று சண்டைக்கு வருவார்கள். மழை நின்று வெகுநாள் கழித்தும் பாறை ஊறி நிற்கும். 2022 ஏப்ரலில் வென்ட்வர்த் பாஸ் பாதையில் நிலம் சரிந்து ஒரு குடும்பத்தில் தந்தையும் மகனும் இறந்தார்கள். பலகை வைப்பவர்கள் அதை மறக்கவில்லை.

பிரிந்து நடக்காதீர்கள் என்றும் சொல்வேன். 2024 டிசம்பர் கடைசியில் காஸியஸ்கோ தேசியப் பூங்காவில் ஒரு மருத்துவ மாணவர் படம் எடுக்கக் கூட்டாளிகளை விட்டு ஒதுங்கினார்; ஜனவரி 8ஆம் தேதிதான் கிடைத்தார். ஓடைத் தண்ணீர், காட்டுப்பழம், ஒரு குடிசையில் கிடைத்த இரண்டு தானிய பார். பிழைத்தது அபூர்வம்.

யாரிடமாவது சொல்லிவிட்டு வந்தீர்களா என்று கேட்டால், “வீட்ல சொல்லியிருக்கேன், சாயந்திரம் வந்துடுவேன்னு” என்பார்கள். சாயந்திரம் என்பது எத்தனை மணி? எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் ஃபோன் வராவிட்டால் போலீசைக் கூப்பிட வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். தேசியப் பூங்காத் தளத்தில் இதற்கென்றே பயணத் திட்டப் படிவம் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. அதை நிரப்புகிற சமர்த்தர்களிலும் ஒரு பிரச்சினை உண்டு. மேலே ஏறி வந்ததும் காபி, பிறகு கார், அப்படியே தூக்கம். வந்து சேர்ந்தேன் என்று சொல்ல மறந்துவிடுவார்கள். இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து பதறிப்போய்ப் போலீசுக்கு அழைப்பு வரும், டார்ச்சோடு ஆட்கள் கிளம்புவார்கள், இவர் பெண்டில் ஹில்லில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இப்போதெல்லாம் வரைபடத்தின் ஓரத்தில் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய நேரத்தைப் பேனாவால் எழுதி வட்டமிட்டுத்தான் கொடுக்கிறேன்.