சிக்னல் இருந்துச்சு சார்

கஜா புயலைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு மாணவியின் பதில். எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணியில் அப்போது இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள். "ரோட்ல மறிச்சப்போ எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா, சிக்னல் இல்லையா?" என்று கேட்டேன். "இருந்துச்சு சார்" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் புயல் கரையைக் கடந்த பிறகு, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே பல இடங்களில் நாள்கணக்கில் போன் வேலை செய்யவில்லை. தொடர்புகொள்ள முடியாமல் போனதற்கு எல்லாரும் அந்தக் காரணத்தைத்தான் சொன்னோம். அவளும் சொல்லியிருக்கலாம், நானும் நம்பியிருப்பேன். பொய் சொல்லத் தோன்றாத ஒரு பெண்ணிடம் அதற்கு மேல் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே?"

"கூப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க சார்?"

"நேரா ஊருக்குப் போங்கன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சார் கூப்பிடல."

குரலில் எதிர்ப்பு இல்லை. களைப்பு இருந்தது. முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. சரி, சாப்பிடப் போம்மா என்று அனுப்பிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். தஞ்சாவூரில் சேர்த்த தார்ப்பாய், பாய், அரிசி, மெழுகுவர்த்தி, கொசுவத்தி எல்லாவற்றையும் ஒரு குட்டியானையில் ஏற்றி, மெயின் ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துக்கு அனுப்பினோம். முந்தின நாளே எங்கள் பையன் ஒருவன் பைக்கில் போய்ப் பட்டியல் எடுத்து வந்திருந்தான். அவன் அம்மா பிறந்த ஊர் அது. விழுந்த மரங்களுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் போய் எடுத்த பட்டியல். நாளைக்கு வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அணிக்கு அந்தப் பெண்ணைத் தலைவியாகப் போட்டது நான். அதற்கு முந்தின சிறப்பு முகாமில் சமையல் பொறுப்பை அவள் பார்த்த விதம்தான் காரணம். ஏழு நாள் முகாமில் யார் தலைவர் என்பது மேடையில் தெரியாது, அடுப்படியில்தான் தெரியும். பரிமாறி முடிக்கும்போது தனக்குச் சோறு இருக்கிறதா என்று பார்க்காதவள், மற்றவர்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

வேதாரண்யம் ரோட்டில் ஓரிடத்தில் தென்னை மரத்துண்டைக் குறுக்கே போட்டு மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்த நாட்களில் அது புதிதல்ல. ரோட்டோடு வரும் வண்டிகள் தங்கள் பக்கம் திரும்புவதே இல்லை என்று உள்ளே தள்ளியிருக்கும் ஊர்க்காரர்களுக்குக் கோபம். எல்லா வண்டியும் தங்களைத் தாண்டி எங்கோ போகிறது என்று ரோட்டோரத்துக்காரர்களுக்குக் கோபம். "தெனம் எங்களத் தாண்டித்தானே எல்லா வண்டியும் போவுது" என்று ஒரு அம்மா கேட்டாராம். அவள் இறங்கி, "வீட்டைக் காட்டுங்க" என்று அவர்களோடு தெருவுக்குள் போயிருக்கிறாள். கீற்று வீடுகள், கூரை ஒன்றும் மிச்சமில்லை. திரும்பி வந்து தார்ப்பாய்களில் பாதியை அங்கேயே இறக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு இன்னும் பிடிபடாத காரியம். அந்தத் தெருவிலிருந்து இரண்டு பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டாள். "அந்த ஊர்ல ஏன் பாதிதான் வந்துச்சுன்னு கேப்பாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

எந்தப் பயிற்சியிலும் அப்படி ஒன்றை நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை.

உள்ளே கிராமத்தில் பட்டியலோடு காத்திருந்தவர்கள் பாதிச் சரக்கைப் பார்த்ததும், கொடுத்தால் எல்லாருக்கும் கொடுங்கள், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார்கள். ரோட்டுத் தெருவிலிருந்து போன பெண்கள் பேசியபோது அந்த ஊர்ப் பெண்களுக்கு உடனே புரிந்திருக்கிறது, ஆண்களுக்கு நேரமாயிற்று. கைக்குழந்தை இருக்கும் வீடு, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்று பார்த்து இருந்ததைக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு மறுநாள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மறுநாள் எங்களுக்கு வண்டி கிடைக்கவில்லை. அந்த வாரம் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. நான் தூங்காமல் கிடந்தது அந்த மழைக்குத்தான். பட்டியலில் பெயர் இருந்தும் தலைக்கு மேலே ஒன்றும் இல்லாமல் நனைந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ரோட்டோரத்தில் நனையாமல் இருந்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்கத்தான் முடியவில்லை.

என் பக்க நியாயம் சின்னதல்ல. மறித்த இடத்தில் கொடுத்தால், மறித்தால் கிடைக்கும் என்று ஆகிவிடும். அடுத்த வண்டிக்கு இரண்டு இடத்தில் மரம் விழும். உரக்கக் கேட்கிறவருக்குப் போய், கேட்கத் தெரியாதவருக்கு இல்லாமல் ஆகும். பொருள் கொடுத்தவர்களுக்கு எந்த ஊருக்கு என்று சொல்லி வாங்கியிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலே, வாக்கு. புயலடித்த ஊரில் தன்னார்வலர் கையில் இருக்கும் பெரிய பொருள் அதுதான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களை அந்த மக்கள் அந்த ஒரு வாரத்திலேயே நிறையப் பார்த்துவிட்டார்கள்.

இப்படி யோசிக்கும்போது நான் சொன்னது சரி என்று தோன்றும். அப்புறம் பட்டியல் நினைவுக்கு வரும். அன்றிரவு போகிற போக்கில் அவள் சொன்னாள்: "பட்டியல்ல வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கற ஒரு வீடுகூட இல்ல சார்." பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டியல் எழுத வைத்தவர் அவன் மாமா. அவர் கூட்டிப்போன தெருக்களில் அவன் எழுதியிருக்கிறான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யார் இருப்பார்கள், மாமா ஏன் அங்கே கூட்டிப்போகவில்லை என்று டெல்டாவில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் காப்பாற்ற நினைத்த வாக்கு அந்தப் பட்டியலுக்குக் கொடுத்த வாக்குதான்.

ஆனால் இதை அவளுக்குச் சாதகமாக எடுத்துவைக்கவும் என்னால் முடியவில்லை. ரோட்டில் முடிவெடுத்தபோது அது அவளுக்குத் தெரியாது. ஊருக்குள் போன பிறகுதான் பார்த்தாள். அவளும் அதைத் தன் முடிவுக்குக் காரணமாகச் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் கூரை இல்லாத வீடு இருந்தது, கையில் தார்ப்பாய் இருந்தது, கொடுத்தேன் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் வேதாரண்யம் உப்பு யாத்திரையைச் சொல்வது வழக்கம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக நடந்து, 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். நாம் நிவாரண வண்டி ஓட்டிய அதே மண். அதில் நான் அழுத்திச் சொல்வது கட்டுப்பாடு: தேர்ந்தெடுத்த ஆட்கள், தலைவர் சொன்ன சொல்லுக்கு மறுபேச்சு இல்லாத நடை. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுக்கக் கூடாது என்று அப்போதைய தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டதையும், ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியில் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டதையும் சுவாரசியத்துக்காகச் சேர்த்துக்கொள்வேன். கஜாவுக்குப் பிறகு அதைச் சொல்லும்போது நடுவில் தடுமாறுகிறேன். அந்தச் சோற்றைக் கட்டியவர்களுக்கு யார் உத்தரவு கொடுத்தது? ரோட்டோரத்தில் இருந்தவர்கள் தாங்களாகவே முடிவு செய்தார்கள். ஏப்ரல் 30 அன்று ராஜாஜி கைதான பிறகும் உப்பு அள்ளுவது நிற்கவில்லையே, அதை எந்தக் கட்டுப்பாட்டில் சேர்ப்பது? தலைவர் இல்லாத இடத்தில் வேலை நடக்க வேண்டும் என்றுதானே பயிற்சி கொடுக்கிறோம். நடந்தால் ஏன் எனக்கு வலிக்கிறது?

அடுத்த சரக்குக்கு வேறு ஒரு பையனைத் தலைவனாகப் போட்டேன். எங்கள் அணியில் பொறுப்பை மாற்றி மாற்றிக் கொடுப்பது வழக்கம்தான், முகாமில் தினமும் மாறும். அதனால் யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்குப் போன் செய்தான். எடுக்க முடியாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சிக்னல் வரும் இடம் வரை நடந்து வந்து கேட்டான். சரக்கு பட்டியல்படி போய்ச் சேர்ந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடுகளையும் இந்தத் தடவை எழுத வைத்திருந்தோம். எனக்கு நிம்மதியாக இருந்தது. நல்ல வேலை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

இதெல்லாம் அவளுக்கும் எனக்கும் நடுவில் நடந்த விஷயம் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியல் எடுத்த பையனை நான் யோசிக்கவே இல்லை. அவன் அந்த வண்டியில்தான் இருந்தான், பின்னால் மூட்டை மேலே. பாதியை இறக்கும்போது அவனும் கைகொடுத்து இறக்கியிருக்கிறான். தன் அம்மா ஊரில், தன் வாயால் பெயர் சொல்லி எழுதியவர்கள் முன்னால், பாதிச் சரக்கோடு போய் இறங்கியதும் அவன்தான். மீளாய்வுக்கு உட்கார்ந்தபோது எல்லாரையும் பேசச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல சார்" என்றான். பொங்கலுக்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு ஆண்டில் 240 மணி நேரமும் ஒரு சிறப்பு முகாமும் முடித்தால் சான்றிதழ். அவனுக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. சொல்லி அனுப்பியும் வரவில்லை.

தலைமைப் பண்பு என்று நாம் நடத்துகிற வகுப்பெல்லாம் முடிவெடுக்கிறவருக்கானவை. தன் பேச்சு எடுபடாமல் போனபிறகும் அணியோடு நின்று மூட்டையை இறக்குகிறவனுக்கு நம்மிடம் ஒரு வகுப்பும் இல்லை. எங்கள் திட்டத்தின் வாசகம் "எனக்காக அல்ல, உனக்காக". 1969இல் காந்தி நூற்றாண்டின்போது திட்டம் தொடங்கியது. வாசகத்தில் வரும் அந்த 'உனக்காக' ஊர்க்காரர்களுக்கானது என்றே நானும் சொல்லிக்கொடுத்து வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தோழனுக்கும் அதில் பங்கு உண்டா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

பிறகு சில வழக்கங்களை மாற்றினோம். வண்டி கிளம்பும் முன்பே, வழியில் எதை அவர்களே முடிவு செய்யலாம், எதற்குக் கேட்க வேண்டும் என்று பேசிவிடுகிறோம். சரக்கில் ஒரு பங்கை வழிக்கென்று தனியாகக் கட்டி வைக்கிறோம், மறித்தாலும் மறிக்காவிட்டாலும் அது ரோட்டோரத்துக்கு. இரவு உட்காரும்போது அணித்தலைவர் கடைசியில்தான் பேச வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி புயல் மழையில் சம்பா மூழ்கியபோது இப்படித்தான் போனோம். வழிப்பங்கு முதலில் மறித்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது. இரண்டாவது இடத்தில் மறித்தவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அணித்தலைவர் எனக்குப் போன் செய்தார். என்னிடமும் பதில் இல்லை. ஆக, வழக்கத்தை மாற்றியதால் பிரச்சினை கொஞ்ச தூரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அந்தப் பையனை ஒருமுறை மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேலைக்குப் போய்விட்டான். நன்றாகத்தான் பேசினான். நானாகப் பேச்சை அங்கே கொண்டுபோனேன். "அவ செஞ்சது தப்புன்னு நான் என்னைக்குமே நினைக்கல சார்" என்றான். "ஆனா இறக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன்."

அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கேட்டிருந்தால் ரோட்டோரத்துக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. கேட்காததால் ஒருவன் போய்விட்டான். எனக்குப் போன் வராதது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவனைக் கேட்காததை மட்டும் எந்தக் கணக்கிலும் என்னால் நேர் செய்ய முடியவில்லை. ஆனால் அதற்காக அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, இருபது வயதுகூட ஆகாத பெண், எதிரே மரத்துண்டு மேலே உட்கார்ந்திருந்த அத்தனை பேர்.

இப்போதெல்லாம் பட்டியல் எடுத்தவரை முன்சீட்டில், அணித்தலைவர் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். போன டிசம்பரில் ஒரு மாணவி கேட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேண்டாம் என்று சொன்னால் அப்புறம் நான் என்ன செய்ய வேண்டும் சார் என்று. அதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள் என்றேன். அவள் அந்தப் பதிலில் திருப்தி அடையவில்லை.