சிவப்புக் கோடு போட்ட பெயர்கள்

மகள் படிக்கும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் நிறைகுறைகளை எழுதித் தர நால்வர் குழு ஒன்றை அமைத்தார்கள். ஆசிரியர்கள் இருவர், முன்னாள் மாணவர் ஒருவர், பெற்றோர் தரப்பில் நான். நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். அதற்காகவே என்னைச் சேர்த்திருப்பார்கள். அறிக்கையில் பார்க்க நன்றாக இருக்கும் அல்லவா?

நிறைகளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மதிய இடைவேளையில் மைதானத்தின் ஓரமாக நின்றேன். கணக்கு ஆசிரியர் ஒருவர் பிரம்போ விசிலோ இல்லாமல் பிள்ளைகளுக்கு நடுவே சும்மா நடந்துகொண்டிருந்தார். தனியே இருந்த ஒரு பையனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த அவன் ஷூ நாடாவைக் காட்டி ஏதோ சொன்னார். அவன் சிரித்தான். இவர் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். தவறு செய்த பிள்ளையைத் தண்டிப்பதைவிட, தவறு நேராதபடி உடனிருப்பதே மேல் என்று இத்தாலியக் குருவும் கல்வியாளருமான தொன் போஸ்கோ 1877இல் எழுதினார். அறிவு, சமயம், அன்பு மூன்றையும் அதற்கு அடித்தளமாக வைத்தார். இந்தப் பள்ளியை நடத்துவது அவர் நிறுவிய துறவற சபை அல்ல. ஆனாலும் அந்தப் பழக்கம் எப்படியோ இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மறைக்கல்வி வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு. மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அதில் ஆசிரியர் புத்தகத்தை வாசித்துக்கொண்டே போகிறார். என் மகள் வீட்டுப்பாடத்தை முடித்துவிடுகிறாள். எங்களுக்கு வசதிதான், பள்ளிக்குப் பெருமை இல்லை.

கத்தோலிக்கப் பள்ளியின் கல்வித்தரம் வட்டாரத்தின் மற்றப் பள்ளிகளைவிடக் குறையக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 806ஆம் விதி. அங்கே கவலை இல்லை: பொதுத்தேர்வில் எல்லோரும் தேர்ச்சி. அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்தான் என்னைச் சேர்க்கைப் பதிவேட்டிடம் கொண்டுபோனது.

தடித்த அட்டை போட்ட பழைய பதிவேடு. மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்களின் பெயர்மீது அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார்கள். ஒரே பக்கத்தில் ஏழு கோடுகள். காரணம் எழுதும் கட்டத்தில் ஏழு முறையும் ‘பெற்றோர் விருப்பம்’. தேதிகளைப் பார்த்தேன்: அத்தனையும் தேர்வு ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதம். ஏழு குடும்பங்களுக்கும் ஒரே மாதத்தில் ஒரே விருப்பம் வந்திருக்கிறது.

தலைமையாசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. “தேர்ச்சி குறைந்தால் அடுத்த ஆண்டு சேர்க்கை குறையும். சேர்க்கை குறைந்தால் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளை எதை வைத்துப் படிக்க வைப்பேன், சொல்லுங்கள்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இலவசமாகப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்; அவர்களின் பெயர்களை வெளியே சொல்லாமல் காக்கிறார், அது பெரிய குணம். ஆனால் கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை, ஏழைகளையும் குடும்பத்தின் ஆதரவும் அன்பும் கிடைக்காதவர்களையும் விசுவாசம் இல்லாதவர்களையும் தனிக் கவனத்துடன் பார்க்கச் சொல்கிறது. படிப்பில் பின்தங்கிய மாணவர்களில் எத்தனை பேர் குடும்ப ஆதரவு கிடைக்காத அந்த நடுப்பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பது வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும். மைதானத்தில் ஷூ நாடாவைக் கவனிக்கிற பள்ளிக்கு இது தெரியாதா?

‘குறைகள்’ பகுதியில் இதை எழுதினேன். ஆசிரியர் ஒருவர் ‘பரிந்துரைகள்’ பகுதிக்கு மாற்றலாமே என்றார். முன்னாள் மாணவர் ஒன்றும் பேசாமல் தன் பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். தன் வகுப்பிலிருந்தும் மூவர் அப்படிப் போனதாகக் கடைசியில் சொன்னார். அதன்பின் யாரும் மறுக்கவில்லை.

நான் எழுதிய வரி ‘குறைகள்’ பகுதியிலேயே நின்றது. இரண்டாவது இடத்தில். முதல் இடம், மாணவிகள் கழிப்பறையின் உடைந்த தாழ்ப்பாளுக்கு.